கியாந்தி என்னும் பெயரும் அதன் எல்லையும்

இத்தாலி தேசத்தின் மத்தியிலுள்ள டஸ்கனிப் பிரதேசத்தில், பிளாரன்ஸ், சியேனா என்னும் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள குன்றுகளுக்குக் கியாந்தி என்று பெயர். அங்கு விளையும் சிவப்புத் திராட்சை மதுவுக்கும் அதுவே பெயர். ஊரின் பெயர் அவ்வூர்ப் பண்டத்திற்கு ஆகி வருவது எத்தேசத்திலும் உண்டு. ஆனால் அப்பெயரை எந்த எல்லைக்குள் விளைந்ததற்கு வழங்கலாம், எவர் வழங்கலாம் என்பதைப் பற்றி முந்நூறு வருஷங்களாக உத்தரவுகளும் விவாதங்களும் சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருப்பது கியாந்திக்கு உரிய விசேஷம். மது அருந்தாதவர்க்கும் இவ்வரலாறு பயன்படும். இதில் குடியைக் காட்டிலும் நிலம், வாரம், மகசூல், கணக்கு ஆகியவற்றின் சங்கதியே அதிகம்.

நிலத்தின் இயல்பு

பழைய கியாந்தியின் விஸ்தீரணம் சுமார் 70,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,73,000 ஏக்கர். இதில் பெரும்பாகம் காடு. கியாந்தி கிளாசிகோ என்ற பெயருக்குப் பதிவான திராட்சைத் தோட்டங்கள் சுமார் 7,000 ஹெக்டேர் மட்டுமே; மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. எஞ்சிய இடங்களில் ஒலிவ மரங்களும் தானியப் பயிர்களும் மேய்ச்சல் நிலங்களும் உள்ளன. தோட்டங்கள் பெரும்பாலும் கடல் மட்டத்திற்கு மேல் 250 முதல் 600 மீட்டர் வரை உயரமுள்ள சரிவுகளில் அமைந்தவை. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஈரமான வண்டல் நிலம் இம்மதுவுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

மேட்டு மண் பார்வைக்கு ஏழை மண்ணே. கலெஸ்த்ரோ என்று அவ்வூரார் சொல்லும் களிப்பாறை, வெயிலிலும் பனியிலும் சீவல் சீவலாக உதிர்ந்து மண்ணோடு கலக்கிறது. அல்பெரேஸே என்பது வெளிறிய சுண்ணாம்புக் கல். உழும்போது கொழு முனையில் கல்லே அகப்படும். அவ்வாறு பொறுக்கிய கற்களைக் கொண்டே சரிவுகளில் படிக்கட்டு வரப்புகள் கட்டினார்கள். ஆயினும் இம்மண்ணில் நீர் தேங்குவதில்லை. கொடியின் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்குகிறது. இலையும் தண்டும் அளவுக்கு மீறிப் பெருகுவதில்லை. பழம் சிறுத்துச் சாரம் மிகுகிறது. வளமான மண்ணில் அதே கொடி செழித்துக் குலை குலையாகக் காய்த்தாலும் பழச்சாறு நீர்த்துவிடும். நெல்லுக்கும் வாழைக்கும் நல்லதான நிலம் எல்லாப் பயிருக்கும் நல்லதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

அங்குப் பயிராகும் முக்கியத் திராட்சை சான்ஜொவேஸே என்பது. தோல் மெலிந்தது, தாமதமாகப் பழுப்பது. செப்டம்பர் மாதக் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. இலையுதிர் காலத்து மழை முந்திக்கொண்டால் பழம் வெடித்து அழுகிவிடும். ஆகையால் எந்தச் சரிவு எத்திசை நோக்கியது, எவ்விடத்தில் காலை வெயில் விழும், எங்கே பனி தங்கும் என்பவற்றை அங்குள்ள குடியானவன் தன் கைரேகையைப்போல் அறிந்திருப்பான்.

முதல் எல்லை உத்தரவு

மத்திய காலத்தில் ராடா, காயோலே, காஸ்தெல்லினா ஆகிய மூன்று ஊர்களும் பிளாரன்ஸ் அரசின் கீழ் ஒரு கட்டாகச் சேர்ந்து, கறுப்புச் சேவலைத் தம் சின்னமாகக் கொண்டிருந்தன. இச்சேவலைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பிளாரன்ஸும் சியேனாவும் எல்லைச் சண்டையால் சலித்து, ஒருநாள் சேவல் கூவும் வேளையில் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்படுவது, அவர்கள் சந்திக்கும் இடமே எல்லை என்று பேசிக்கொண்டனவாம். சியேனாவார் தம் வெள்ளைச் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். பிளாரன்ஸார் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிவிட்டது; அந்த வீரன் சியேனாவை நெருங்கிவிட்டான். கதை எவ்வாறாயினும், கியாந்தியின் பெரும்பாகம் பிளாரன்ஸின் வசமாயிருந்தது உண்மை.

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கனி மது கடல் கடந்து இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குச் செல்லலாயிற்று. விலை நன்றாக இருந்தது. உடனே கண்ட இடத்து மதுவும் நல்ல பெயர்களைச் சூட்டிக்கொண்டு கப்பல் ஏறிற்று. இதைத் தடுக்க, டஸ்கனியை ஆண்ட மெடிசி வம்சத்து மூன்றாம் கோசிமோ என்னும் பிரபு, 1716-ம் வருஷம் மது வியாபாரத்தை மேற்பார்வையிட ஒரு சபையை நியமித்து, அவ்வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். கியாந்தி, பொமினோ, கார்மின்யானோ, மேல் ஆர்னோப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கு பிரதேசங்களின் எல்லைகள் ஊர்ப் பெயர்களால் அதில் குறிக்கப்பட்டன. கியாந்தியின் எல்லை கிரேவே, பன்சானோ ஊர்களில் தொடங்கி, ராடா, காயோலே, காஸ்தெல்லினாப் பகுதிகளை உட்கொண்டு, சியேனாவின் எல்லை வரை சென்றது. அவ்வெல்லைகளுக்குப் புறம்பே விளைந்ததை அப்பெயர்களால் விற்கலாகாது என்பது உத்தரவின் சாரம். மதுவின் பிறப்பிடத்திற்கு அரசாங்கமே எல்லை வகுத்துக் கொடுத்த மிகப் பழைய உத்தரவுகளுள் இஃது ஒன்று.

வாரமும் கலப்புப் பயிரும்

அக்காலம் முதல் 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கியாந்தியில் நிலம் பெரும்பாலும் சரிபாதி வாரத்தில் சாகுபடியாயிற்று. நிலமும் வீடும் பிரபுவுக்கு உரியவை. உழைப்பு முழுவதும் குடியானவன் குடும்பத்தினது. கண்டுமுதலில் ஆளுக்குப் பாதி. குடியானவனுக்கு முதற்கவலை வயிற்றுப்பாடு. ஆகையால் அவன் திராட்சையைத் தனிப்பயிராக வைக்கவில்லை. மரங்களை வரிசையாக நட்டு அவற்றின்மேல் கொடியை ஏற்றினான். வரிசைகளின் நடுவே கோதுமையும் அவரையும் விதைத்தான். இடையிடையே ஒலிவ மரம் வைத்தான். ஒரு பயிர் தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும். மதுவின் தரத்திற்கு இம்முறை உகந்ததன்று என்று பிற்காலத்தார் குறை கூறினர். ஆயினும் சந்தை விலையை நம்பி வாழ இயலாத குடும்பத்திற்கு இதுவே புத்திசாலித்தனமான சாகுபடி.

மது தயாரிப்பிலும் அங்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. அறுவடையின்போது நல்ல குலைகளில் சிலவற்றை ஒதுக்கிப் பாய்களில் பரப்பி வாடவிடுவார்கள். முதற்புளிப்பு முடிந்தபின் அவ்வாடிய பழத்தை நசுக்கி மதுவோடு சேர்ப்பார்கள். அது மீண்டும் மெதுவாகப் புளித்து, மதுவை மிருதுவாக்கி, விரைவில் குடிக்கத்தக்கதாகச் செய்யும். இவ்வாறு தயாரான மதுவை அடி உருண்ட கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பினார்கள். பியாஸ்கோ எனப்படும் அக்குடுவை தானாக நிற்காது. கிராமப் பெண்கள் சதுப்பு நிலக் கோரையைக்கொண்டு அதற்கு அடியும் உறையும் பின்னினார்கள். உலகமெங்கும் கியாந்தியை அறிவித்தது இக்கோரை உறைதான்.

ரிக்காசோலியின் ஆராய்ச்சி

காயோலேயை அடுத்த பிரோலியோக் கோட்டையின் நிலக்கிழார் பெத்தீனோ ரிக்காசோலி (1809–1880). ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரியாக இருந்தவர். ராஜ்ய காரியங்களுக்கிடையிலும் அவர் தம் தோட்டத்தை விடவில்லை. எந்தத் திராட்சை எந்த அளவில் சேர்ந்தால் மது சிறக்கும் என்று பல வருஷங்கள் சோதித்து, 1872-ம் வருஷம் பைசாச் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் முடிவைத் தெரிவித்தார். சான்ஜொவேஸே மணத்தையும் வலுவையும் தருகிறது. கனயோலோ என்னும் மற்றொரு கறுப்புத் திராட்சை அதன் கடுமையைத் தணிக்கிறது. மால்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை மதுவை இலகுவாக்கி, இளமையிலேயே அன்றாடம் அருந்தத் தகுதியாக்குகிறது. ஆனால் நெடுநாள் வைக்க உத்தேசித்த மதுவில் மால்வாசியாவைத் தவிர்ப்பது நலம். அக்கடிதத்தின் சாராம்சம் இது. கடைசி நிபந்தனையைப் பின்வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்; அதன் விளைவு நூறு வருஷம் கழித்துத் தெரிந்தது.

இடையில் சாம்பல் நோயும், பின்னர் பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பேனும் ஐரோப்பா முழுவதும்போல் டஸ்கனியிலும் கொடிகளை நாசம் செய்தன. அமெரிக்கக் கொடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டியே தோட்டங்களை மீட்டார்கள்.

பெயர் பெருகி மதிப்புக் குறைதல்

1716-ம் வருஷத்து எல்லைக்குள் விளையும் மது, பெருகிவிட்ட தேவைக்குப் போதவில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே டஸ்கனியின் பல பாகங்களிலும் செய்த மது கியாந்தி என்ற பெயரால் விற்கப்பட்டது. கோரைக் குடுவையில் அடைத்துவிட்டால் வாங்குபவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பழைய கியாந்தியின் விளைச்சல்காரர்கள் 33 பேர் 1924-ம் வருஷம் மே மாதம் ராடாவில் கூடித் தங்கள் மதுவின் பெயரைக் காக்க ஒரு சங்கம் கண்டார்கள். கறுப்புச் சேவலையே அடையாள முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது பெயர் தங்களுக்கே உரியதாகும் என்பது. கிடைத்ததோ வேறு. 1932-ம் வருஷத்து அரசாங்க உத்தரவு கியாந்தி என்ற பெயரைப் பிளாரன்ஸ், சியேனா, அரெத்ஸோ, பைசா முதலிய ஜில்லாக்களில் பரந்த ஏழு உட்பிரிவுகளுக்கும் பொதுவாக்கிற்று. பழைய பிரதேசத்திற்கு அளித்த சலுகை, ‘கிளாசிகோ’, அதாவது ‘தொன்மையானது’, என்னும் அடைமொழி மட்டுமே. வெளியூரார் பல காலமாக வழங்கிவரும் பெயரைத் திடீரென்று பறிப்பது எளிதன்று என்பது ஒரு நியாயமே. ஆயினும் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளும்போது வாளாவிருந்து, பல வருஷம் கழித்து மீட்க முயல்வோருக்கு முழுமையும் திரும்பக் கிடைப்பதில்லை. உரிய காலத்தில் ஆட்சேபம் எழுதி வைக்காத எல்லைத் தகராற்றைப் போன்றதே இதுவும்.

இதைவிடப் பெரிய அடி இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் விழுந்தது. நகரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. மாதச் சம்பளம் கிடைத்தது. மின்சாரமும் குழாய்த் தண்ணீருமில்லாத மலை வீடுகளில் பாதி வாரத்திற்கு உழைக்க இளைஞர் விரும்பவில்லை. குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். 1964-ம் வருஷத்துச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆனால் அதற்குள்ளேயே வீடுகள் பல பூட்டிக்கிடந்தன. பிற்காலத்தில் அவற்றுள் பலவற்றை ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் விலைக்கு வாங்கினர். கல் பொறுக்கி வரப்புக் கட்டிய குடும்பங்களிற் பல, கியாந்தி நல்ல விலைக்கு விற்ற காலத்தில் அங்கு இல்லை. இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பாகம் இதுவே.

ஆளில்லாத நிலத்தில் இயந்திரத்திற்கேற்ற தோட்டங்கள் 1960-களிலும் 1970-களிலும் அவசரமாக நடப்பட்டன. ஐரோப்பியப் பொதுச் சந்தையின் பண உதவியும் கிடைத்தது. டிராக்டர் செல்வதற்காகப் பழைய படி வரப்புகள் பல இடங்களில் இடித்துத் தள்ளப்பட்டன. வரிசைகள் சரிவுக்கு நேராக மேலிருந்து கீழாக ஓடின. மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. நாற்றிலும் தரம் பார்க்காமல் மிகுதியாகக் காய்க்கும் வகைகளையே தேடினார்கள்.

இந்நிலையில் 1967-ம் வருஷம் கியாந்திக்குச் சட்டப்பூர்வமான விதிகள் ஏற்பட்டன. அவை 10 முதல் 30 சதவிகிதம் வரை வெள்ளைத் திராட்சை கட்டாயம் சேரவேண்டும் என்றன. ரிக்காசோலி அன்றாட மதுவுக்குச் சொன்னதை எல்லா மதுவுக்கும் விதியாக்கிவிட்டார்கள். அதிலும் மால்வாசியாவைவிட அதிகம் காய்க்கும் திரெப்பியானோ என்னும் வெள்ளைத் திராட்சையே பெரும்பாலும் சேர்க்கப்பட்டது; அதற்கு மணம் குறைவு. மது வெளிறியது; விலை இறங்கிற்று. கோரைக் குடுவை மலிவுச் சரக்கின் அடையாளமாகி, மது தீர்ந்தபின் உணவுச்சாலைகளில் மெழுகுவர்த்தி செருகுவதற்குப் பயன்பட்டது.

விதியை மீறியவர்களும் விதியின் திருத்தமும்

தரத்தில் கருத்துள்ள சில நிலக்கிழார்கள் ஒரு விசித்திரமான தீர்மானத்துக்கு வந்தார்கள். நல்ல மது செய்யக் கியாந்தி விதி இடந்தராவிட்டால், அப்பெயரே வேண்டாம் என்றார்கள். அந்தினோரி என்னும் பழைய குடும்பத்தார் தங்கள் தின்யானெல்லோத் தோட்டத்து மதுவை 1971-ம் வருஷத்து விளைவு முதல் கியாந்தி என்று குறிக்காமல் விற்றார்கள். 1975-ம் வருஷத்து விளைவு முதல் வெள்ளைத் திராட்சையை அடியோடு நீக்கினார்கள். சட்டப்படி அது வெறும் ‘சாப்பாட்டு மது’, அதாவது கடைத்தர வகுப்பு. ஆனால் கியாந்தியைக் காட்டிலும் அதிக விலை பெற்றது. பிறரும் பின்பற்றினார்கள். மதிப்பைக் காக்க ஏற்பட்ட சட்டம், மதிப்புள்ள சரக்கை வெளியே தள்ளியது.

சட்டம் மெல்ல மெல்லத் திருந்தியது. 1984-ம் வருஷம் கியாந்தி, இத்தாலிய முறையின் மிக உயர்ந்த வகுப்பில் சேர்க்கப்பட்டது. வெள்ளைத் திராட்சையின் அளவும் ஏக்கர் மகசூலின் வரம்பும் குறைக்கப்பட்டன. 1980-களின் இறுதியில் சங்கத்தார் சர்வகலாசாலைகளின் துணையோடு சோதனைத் தோட்டங்கள் அமைத்து, எந்தச் சான்ஜொவேஸே வகை, எந்த அடித்தண்டில், எவ்வளவு நெருக்கமாக நட்டால் நல்ல பழம் தரும் என்று பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். பொறுக்கியெடுத்த வகைகள் தேசியப் பதிவேட்டில் ஏறின. அவசரத்தில் நட்ட பழைய தோட்டங்களைப் பிடுங்கி மறுபடி நடும்போது இவ்வகைகள் உதவின. திராட்சை நட்ட மூன்றாம் வருஷமே காய்ப்புக்கு வரும். ஆகவே தவறான நாற்றின் நஷ்டம் ஒரு போகத்தோடு போவதன்று.

1996-ம் வருஷம் கியாந்தி கிளாசிகோவுக்குப் பொதுக் கியாந்தியினின்றும் பிரிந்த தனி விதிகள் கிடைத்தன. 2006-ம் வருஷத்து விளைவு முதல் அதில் வெள்ளைத் திராட்சை கூடாது. சான்ஜொவேஸே குறைந்தது 80 சதவிகிதம் இருக்கவேண்டும். எஞ்சியது அனுமதிக்கப்பட்ட பிற கறுப்பு வகைகளாக இருக்கலாம்.

கணக்கும் சோதனையும்

இப்பொழுதுள்ள விதிகளில் உயிர்நாடியாக உள்ளது மகசூல் வரம்பு. ஹெக்டேருக்கு 7,500 கிலோவுக்கு மேல் பழம் எடுக்கலாகாது. ஏக்கர்க் கணக்கில் ஏறக்குறைய 3,035 கிலோ. அதிலும் நூற்றுக்கு எழுபது பங்கே மதுவாகலாம்: ஹெக்டேருக்கு 5,250 லிட்டர், அதாவது முக்கால் லிட்டர்ப் புட்டிகள் 7,000. புதிய தோட்டங்களில் ஹெக்டேருக்குக் குறைந்தது 4,400 கொடிகள் நடவேண்டும் என்பதால், கொடி ஒன்றுக்குச் சராசரி 1.7 கிலோப் பழந்தான் ஆகிறது. இதற்காகக் கோடையில் பச்சைக் குலைகளையே அறுத்துத் தரையில் போடுவோரும் உண்டு. முதலில் பார்ப்பவருக்கு அது பாவமாகத் தோன்றும். எஞ்சிய குலைகளின் சாரத்தைக் கண்டால் காரணம் விளங்கும்.

வரம்பை நூற்றுக்கு இருபதுக்குள் மீறினால், மிகுந்த பழத்திற்குப் பெயர் இல்லை. அதற்கும் மேல் மீறினால் அத்தோட்டத்தின் விளைவு முழுவதுமே பெயரை இழக்கும். ஆகவே கணக்கு முக்கியமாகிறது. ஒவ்வொரு தோட்டத்தின் விஸ்தீரணம், இடம், திராட்சை வகை, நட்ட வருஷம் ஆகியவை அடங்கலைப் போன்ற ஒரு பதிவேட்டில் உள்ளன. அறுவடையானதும் ஒவ்வொருவரும் எடுத்த பழத்தின் அளவை எழுதிக் கொடுக்கவேண்டும். பதிவேட்டில் இல்லாத நிலத்தின் பழத்திற்கு, அது எல்லைக்குள் இருந்தாலும், கிளாசிகோ என்ற பெயர் கிடையாது. மது தயாரானபின் இரசாயனப் பரிசோதனையும், ருசியறிவோர் குழுவின் பரிசோதனையும் நடக்கின்றன. இரண்டிலும் தேறிய சரக்கிற்கு மட்டும் வரிசை எண்ணிட்ட அரசாங்கச் சீட்டு, புட்டிகளின் எண்ணிக்கைக்குச் சரியாகக் கொடுக்கப்படும். கறுப்புச் சேவல் முத்திரை 2005-ம் வருஷம் முதல் எல்லாக் கிளாசிகோப் புட்டிகளிலும் இருக்கிறது.

சாதாரண வகையை அறுவடைக்கு அடுத்த வருஷம் அக்டோபர் முதல் தேதிக்கு முன் விற்கலாகாது. ‘ரிசெர்வா’ என்பதற்கு 24 மாதங்களும், 2014-ம் வருஷம் விற்பனைக்கு வந்த ‘கிரான் செலெத்ஸியோனே’ என்னும் மேல்வகைக்கு 30 மாதங்களும் காத்திருக்கவேண்டும். பின்னதற்குச் சொந்தத் தோட்டத்துப் பழமே ஆகும். அத்தனை காலம் முதல் முடங்கிக் கிடப்பதால் சிறு நிலக்காரர்களுக்கு இஃது எளிதன்று. அவர்களில் பலர் பழத்தையோ புதுமதுவையோ பெரிய வியாபாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விற்றுவிடுகிறார்கள். பெயரின் லாபத்தில் அவர்கள் பங்கு அவ்வளவில் குறைகிறது. எல்லை வகுத்ததனால் மட்டும் எல்லைக்குள் உள்ளோர் யாவருக்கும் சமமாகப் பலன் கிட்டிவிடவில்லை.

விதிகளால் தீராத தொல்லைகளும் உண்டு. சூழ்ந்த காட்டிலிருந்து பன்றியும் மானும் பழுக்கும் தருணத்தில் தோட்டங்களில் புகுவதால், மின்வேலிக்கும் கம்பிவேலிக்கும் பெருஞ்செலவாகிறது. கோடை வெப்பம் ஏறிவருவதால் பழம் முந்திப் பழுத்துச் சர்க்கரை மிகுகிறது. முன்பு குளிர் அதிகம் என்று ஒதுக்கிய உயரமான சரிவுகள் இப்பொழுது விரும்பப்படுகின்றன. தோட்டம் 700 மீட்டர் உயரம் வரை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது.

2021-ம் வருஷம் சங்கத்தார் கிளாசிகோப் பிரதேசத்தை மண், உயரம், பழைய வழக்கு ஆகியவற்றை அனுசரித்துப் பதினொரு உட்பகுதிகளாகப் பிரிக்கத் தீர்மானித்தார்கள். அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்று, அவ்வூர்ப் பெயர்கள் முதலில் கிரான் செலெத்ஸியோனேப் புட்டிகளின் சீட்டுகளில் இடம்பெறலாயின. அப்பதினொன்றில் ராடா, காயோலே, காஸ்தெல்லினா, கிரேவே, பன்சானோ ஆகிய ஐந்தும் 1716-ம் வருஷத்து உத்தரவில் எல்லை குறிக்க எழுதப்பட்ட பெயர்களே.